தம்பி எழுத்துப் பலகையில் சொல்கிறான், நான் எழுதிக்கொள்கிறேன். எவ்வளவு திருத்தலாம்?

வல்லத்து அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். இது தெரபி பற்றிய கேள்வி இல்லை, எழுத்து பற்றியது. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 19 வயது. பிறந்ததிலிருந்தே சிபி, அதாவது மூளை முடக்குவாதம். பேச்சு வராது. ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவான், இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். காது நன்றாகக் கேட்கும், நாங்கள் பேசுவது எல்லாம் புரியும், அம்மா போனில் ஊர்க்கதை பேசினால் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரிந்து சிரிப்பான். சின்ன வயதில் படப்பலகைதான் இருந்தது, சோறு, தண்ணீர், பாத்ரூம், டிவி, அவ்வளவுதான். 13 வயதில் எழுத்து கூட்டப் பழகினான். அப்போதிலிருந்து ஒரு சார்ட் அட்டையில் மேல் வரிசையில் உயிரெழுத்து 12, கீழே மூன்று வரிசையில் மெய் 18, ஓரத்தில் எண்கள் என்று எழுதி லேமினேட் செய்து வைத்திருக்கிறோம். வலது கை முட்டியால் தொடுவான். முதலில் மெய், அப்புறம் உயிர். அகரமாக இருந்தால் உயிரைத் தொட மாட்டான். புள்ளியும் தொட மாட்டான், அதை நானே வைத்துக்கொள்வேன். மழை என்று சொல்ல வேண்டும் என்றால் ம, ழ, ஐ. ஒரு தொடுகைக்கு ஐந்தாறு வினாடி ஆகும், கை இழுத்துக்கொண்டால் இன்னும் அதிகம்.

போன ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் அவனாகவே பலகையைக் கேட்டான். பசி, வலி எதுவும் இல்லை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், நடுவில் இரண்டு முறை ஓய்வு எடுத்துக்கொண்டு, இதைச் சொன்னான்:

மாடி மழை கேட்டேன்
தெரு மழை பார்த்தேன்
மேல் மழை இல்லை
அக்கா குடை

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதுவரை அவன் எதையும் ‘வேணும்’ என்பதற்காக அல்லாமல் சொன்னதில்லை. சந்தோஷத்தில் அதை ஒரு நோட்டில் அழகாக எழுதினேன். எழுதும்போதே, படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று கொஞ்சம் சரிசெய்தேன். ‘மாடியில் மழை பெய்வதைக் கேட்டேன். தெருவில் மழை பெய்வதைப் பார்த்தேன். மேலே மழை நின்றுவிட்டது. அக்கா குடையுடன் வந்தாள்.’ அவன் போகிற இடத்தில் ஆண்டு மலர் போட்டார்கள், அதற்குக் கொடுத்தேன். அச்சிலும் வந்தது, அவன் பெயரும் போட்டோவும் போட்டு.

புத்தகம் வந்த அன்று சத்தமாகப் படித்துக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். போட்டோ பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். பலகையை வைத்தால் ‘எனது இல்லை’ என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் மூன்று மாதமாக வேணும், வேண்டாம் தவிர எதுவும் சொல்லவில்லை. போதாததற்கு, அங்கே ஒருவர் என் முகத்துக்கு நேராகவே ‘நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க’ என்று கேட்டார், நான் இல்லை என்று சொன்னாலும் அந்த நான்கு வரியில் பாதி என்னுடையதுதானே என்று உள்ளுக்குள் குத்தியது.

என் கேள்வி இதுதான். அவன் விடுகிற வேற்றுமை உருபு, வினை முடிவு இதையெல்லாம் நான் சேர்க்கலாமா? எழுத்துப்பிழையைத் திருத்தலாமா? பாதிச் சொல்லிலேயே எனக்குப் புரிந்துவிட்டால் முடித்துக் கொடுக்கலாமா, அவனுக்குக் கை வலிக்குமே? அவன் எழுதியதுதான் என்று மற்றவர்களுக்கு எப்படிக் காட்டுவது? எல்லாவற்றையும் விட, மறுபடி எழுத வைக்க என்ன செய்வது?

சிறப்பாசிரியை, சென்னை:

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்தது கெட்ட எண்ணத்தில் இல்லை, நாங்கள் எல்லோரும் செய்திருக்கிறோம். நானே என் மாணவர்கள் சொன்னதற்குக் கால், வால், வணக்கம், நன்றி எல்லாம் சேர்த்து எழுதிப் பெற்றோரிடம் கொடுத்த காலம் உண்டு. இப்போது அந்த நோட்டுகளைப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள், என் மாதிரி.

நடைமுறைக்கு வருகிறேன். இரண்டு நோட்டு வையுங்கள். ஒன்றில் அவன் தொட்டது தொட்டபடி, புள்ளிகூட வைக்காமல், தேதி போட்டு. நீங்கள் ஊகித்த இடத்தைக் கோடிட்டு வையுங்கள். அதிலிருந்து இரண்டாவது நோட்டுக்கு எதைக் கொண்டுபோனாலும் அவனுக்குப் படித்துக் காட்டி, கண் மேலே போனால் மட்டும் எழுதுங்கள். படிக்கும்போது ஒவ்வொரு வரியாக நிறுத்துங்கள், மொத்தமாகப் படித்து ‘நல்லா இருக்கா’ என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் அக்காவுக்காக ஆமாம் என்றுதான் சொல்லும். அப்புறம், ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேட்காமல் மூன்று நான்கு வழி கொடுத்துக் கேளுங்கள், அதில் கடைசியாக ‘வேறையா?’ என்பது கட்டாயம் இருக்க வேண்டும். அந்த ‘வேறை’ இல்லாத கேள்வியில் உங்களுக்குத் தோன்றியதைத் தாண்டி எதுவும் வராது.

அவன் எழுதியதுதானா என்ற சந்தேகம் பற்றி. இது சும்மா வந்த சந்தேகம் இல்லை, ஆகவே கோபப்படாமல் தெரிந்துகொள்வது நல்லது. 90களில் அமெரிக்காவில், பேச முடியாதவரின் கையை இன்னொருவர் பிடித்துக்கொண்டு தட்டச்சு செய்ய வைக்கும் முறை பரவலாக இருந்தது. அதைச் சோதித்தார்கள். பேச முடியாதவருக்கு ஒரு படம், கை பிடிப்பவருக்கு வேறு படம் காட்டினார்கள். வந்த பதில் கை பிடித்தவர் பார்த்த படமாக இருந்தது. கை பிடித்தவர்கள் ஏமாற்றவில்லை, தாங்கள்தான் நகர்த்துகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. 2018இல் அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் அந்த முறையைப் பயன்படுத்தவே கூடாது என்று அறிவித்தது, உதவியாளர் பலகையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ‘தொடு, தொடு’ என்று தூண்டும் முறையையும் பரிந்துரைக்கவில்லை. உங்கள் தம்பி விஷயம் வேறு. பலகை அசையாமல் இருக்கிறது, அவன் முட்டியை யாரும் தொடவில்லை. இருந்தாலும் பலகையை மேசையிலோ நாற்காலித் தட்டிலோ ஒட்டிவிடுங்கள், கையில் பிடிக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் அப்பாவோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் வீட்டில் இல்லாதபோது நடந்த ஒன்றை அவன் உங்களிடம் சொல்லும்போது, கேட்கிறவர்களுக்கும் உங்களுக்கும் வேறு சான்றே தேவைப்படாது. ஆனால் யாராவது வந்து ‘இதைத் தொடு, அதைத் தொடு’ என்று அவனைப் பரீட்சை வைத்தால் விடாதீர்கள்.

இன்னொன்று, அவனுக்குக் கிடைக்கிற சொற்கள். படப்பலகையானாலும் ஆவாஸ் மாதிரிச் செயலியானாலும் (தொட்ட சொல்லைப் பேசிக் காட்டுவது, சென்னையில் உருவானது, தமிழிலும் இருக்கிறது) நாம் போட்டுக் கொடுக்கிற சொல்தான் பிள்ளைக்குச் சொல். நாம் பெரும்பாலும் பெயர்ச்சொல்லும் ‘வேணும்’ என்பதும்தான் போடுகிறோம். ‘தான்’, ‘கூட’, ‘போல’, ‘ஏன்னா’, ‘ஆனா’, ‘பொய்’, ‘சும்மா’, ‘ஒருவேளை’ இதெல்லாம் யாரும் போடுவதில்லை. ‘நான் வந்தேன்’ என்பதற்கும் ‘நான்தான் வந்தேன்’ என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியும். பலகையின் ஓரத்தில் இந்த ஒட்டுச் சொற்களுக்கு ஒரு வரிசை போடுங்கள், ஒரே தொடுகையில் வந்துவிடும். ‘தப்பா எழுதிட்டே’ என்பதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். அது இருந்திருந்தால் அன்றைக்கே உங்களை நிறுத்தியிருப்பான்.

கை இழுத்துக்கொள்ளும் நாட்களுக்குக் கண்ணால் பார்த்துச் சொல்கிற கண்ணாடிப் பலகை இருக்கிறது. அக்ரிலிக் ஷீட்டில் நீங்களே செய்யலாம். எழுத்துகளைச் சின்னக் கூட்டங்களாக, கூட்டத்துக்குள் ஒவ்வொரு எழுத்தும் ஒரு நிறமாக, நாலு மூலையிலும் பக்கங்களிலும் ஒட்டி, நடுவில் துளை விட்டு, இருவருக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். முதல் பார்வை எந்தக் கூட்டம் என்பதற்கு, இரண்டாவது பார்வை அதில் எந்த நிறம் என்பதற்கு. வேண்டும் என்றால் அளவு சொல்கிறேன்.

வாசகன்77:

எல்லோரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, மனதில் பட்டதைச் சொல்கிறேன். எழுத்து என்பது படிக்கிறவனுக்காக. ‘மேல் மழை இல்லை’ என்று போட்டால் நூறு பேரில் தொண்ணூறு பேர் பிழை என்றுதான் நினைப்பார்கள், பாவம் பையன் என்று உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார்கள். பெரிய எழுத்தாளர்களுக்கே எடிட்டர் உண்டு. அக்கா செய்தது அந்த வேலைதானே? நல்ல தமிழில், முழு வாக்கியமாக வந்தால்தான் அவனை மற்ற எழுத்தாளர்களோடு சமமாக வைத்துப் படிப்பார்கள். அவன் மேல் அக்கறையினால்தான் சொல்கிறேன்.

முட்டிவிரல், மதுரை:

இந்தப் பதிலை மூன்று நாளாக எழுதுகிறேன். எனக்கும் சிபி. 34 வயது. இடது கை ஆள்காட்டி விரலின் முட்டியால் போனில் தட்டுகிறேன். கவிதையும் எழுதுவேன், வங்கிக்கு மெயிலும் எழுதுவேன்.

வாசகன் சார், எடிட்டர் என்பவர் எழுதியவரிடம் கேட்டுவிட்டு மாற்றுவார். கேட்காமல் மாற்றியதைத்தான் தம்பி ‘எனது இல்லை’ என்கிறார்.

அக்கா, ஒரு கணக்குப் போட்டேன். ‘மாடி மழை கேட்டேன்’ உங்கள் பலகையில் 13 தொடுகை. ‘மாடியில் மழை பெய்வதைக் கேட்டேன்’ 23. நீங்கள் நினைப்பது, தம்பி அந்தப் பத்தையும் மிச்சம் பிடித்தார், நாம் நிரப்பிக் கொடுப்போம் என்று. கை வலிக்காக மிச்சம் பிடிப்பது உண்மைதான். ஆனால் பத்து வருடம் மிச்சம் பிடித்தவனுக்கு எது இல்லாமலும் நிற்கும் என்று தெரிந்துவிடும். ஒரு சொல்லை எழுதலாமா வேண்டாமா என்று யோசிக்க எனக்கு எழுதும் நேரத்தை விட அதிக நேரம் இருக்கிறது. படுத்துக்கொண்டு இரவில் வரி கட்டுவேன். காலையில் தட்டுவேன். வருகிறபோது அது பத்து தரம் திருத்திய வரி. அதைப் பார்த்துவிட்டு அம்மா ‘மீதி எங்கடா’ என்பார்.

பாதிச் சொல்லில் முடித்துக் கொடுப்பது பற்றி. தாகம், வலி, பாத்ரூம் என்றால் முடித்துக் கொடுங்கள், கும்பிடுகிறேன். கதை என்றால் வேண்டாம். நான் ஒருமுறை ‘கரு’ என்று ஆரம்பித்தேன். கருப்பு என்று முடித்தார்கள். நான் சொல்ல வந்தது கருவாடு. கருப்பும் பொருந்தியது, நானும் களைத்துப்போயிருந்தேன், சரி என்று விட்டுவிட்டேன். அந்தக் கவிதையில் மணம் வரவே இல்லை. போனில் சொல் ஊகிக்கும் வசதியும் அப்படித்தான். இரண்டு எழுத்து போட்டதும் மேலே மூன்று சொல் வரும், அதில் ஒன்று கிட்டத்தட்ட சரியாக இருக்கும். கை அதைத்தான் தொடப் பார்க்கும். வங்கி மெயிலுக்கு அதை ஆன் செய்துவைப்பேன். கவிதைக்கு ஆஃப்.

தட்டச்சுக்குப் போவதாக இருந்தால் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் பழக்குங்கள். உங்கள் பலகை மாதிரியே, உயிர் இடது பக்கம், மெய் பெரும்பாலும் வலது பக்கம். புள்ளி பாதி இடத்தில் தானாக விழும். அக்கா என்பதற்கு அ, க, க, ஆ, நாலே தட்டல். ங்க, ந்த, ம்ப, ன்ற இதற்கும் புள்ளி தானாக வரும். எனக்கு இது விரலில் பாதி வலியைக் குறைத்தது.

கடைசியாக ஒன்று. ‘மேல் மழை இல்லை’ என்பதை நீங்கள் மழை நின்றுவிட்டது என்று எழுதினீர்கள். மேல் என்றால் வானம் என்று எடுத்துக்கொண்டீர்களா? எங்கள் வீட்டில் மேல் என்றால் உடம்பு. மேல் கழுவு, மேலுக்கு முடியலை என்போம். என்னைத் துடைத்துவிடுகிறவர்கள் தினமும் சொல்கிற சொல் அது. மாடி மழையைக் கேட்டார், தெரு மழையைப் பார்த்தார். மூன்றாவது என்னவென்று கேட்டுப் பாருங்கள். நான் சொன்னதாக அவரிடம் சொல்லாமல் கேளுங்கள்.

மெய்ப்பு பார்ப்பவர்:

மதுரைக்காரர் சொன்னதற்கு மேல் சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சிற்றிதழுக்கு இருபது வருடமாக மெய்ப்பு பார்த்தவன் என்பதால் இலக்கணப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

சகோதரி, ‘மாடி மழை’ பிழையே இல்லை. மாடியில் பெய்யும் மழை. ‘இல்’ என்ற உருபும் ‘பெய்யும்’ என்ற பயனும் மறைந்து வருகிறது, உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பத்தாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். தண்ணீர்க் குடம் என்கிறோமே, தண்ணீரை உடைய குடம் என்று யாராவது திருத்துவார்களா? ‘மழை கேட்டேன்’ என்பதும் அப்படித்தான், ஐ உருபு தொக்கி நிற்கிறது. வேண்டாததை விட்டுவிட்டு நிற்பது தமிழுக்குப் பழைய குணம், தம்பி அதைப் பலகையிலிருந்து தானாகவே கண்டுபிடித்திருக்கிறான். நீங்கள் விரித்ததில் இலக்கணம் கூடவில்லை, ஒன்று குறைந்தது. மாடியில் மழை பெய்வதைக் கேட்டேன் என்பதில் மழை ஒன்றுதான், இடம்தான் வேறு. மாடி மழை, தெரு மழை என்னும்போது அவை இரண்டு வேறு மழை.

‘அக்கா குடை’ இன்னும் நல்லது. அக்காவின் குடை என்றும் படிக்கலாம், அக்காவாகிய குடை என்றும் படிக்கலாம். ‘குடையுடன் வந்தாள்’ என்று எழுதியதில் இரண்டும் போயிற்று. அவனிடம் கேளுங்கள், ஆனால் எந்தப் பதில் வந்தாலும் வரியைத் தொடாதீர்கள்.

எதைத் திருத்தலாம் என்றால், ல ள ழ, ர ற குழப்பம், கை தவறி இரண்டு முறை தொட்டது, இவற்றைத் திருத்தலாம், அதையும் படித்துக் காட்டிவிட்டு. ஒற்று மிகும் இடங்களில் நான் அச்சுக்குப் போட்டுக்கொள்வேன், எல்லோருக்கும் போடுவதுதான் அது. சொல்லை மாற்றுவது, வரியைச் சேர்ப்பது, வரிசையை மாற்றுவது இதெல்லாம் எழுதியவர் வேலை.

உங்களுக்குத் தைரியம் வரவேண்டும் என்பதற்காகச் சிலரைச் சொல்கிறேன். பிரான்ஸில் ழான் தொமினிக் போபி என்ற பத்திரிகை ஆசிரியர், 1995 டிசம்பரில் பக்கவாதம் வந்து உடம்பு கிட்டத்தட்ட முழுக்க முடங்கி, இடது கண்ணிமையால்தான் எதையும் சொல்ல முடிந்தது. பிரெஞ்சில் அதிகம் வரும் எழுத்து முதலில் வரும்படி அடுக்கிய வரிசையை உதவியாளர் சொல்லிக்கொண்டே போவார், வேண்டிய எழுத்து வந்ததும் இவர் இமைப்பார். ஒரு புத்தகமே அப்படி எழுதினார், 1997 மார்ச்சில் வந்தது, வந்த சில நாளில் இறந்துவிட்டார். உதவியாளர் வருவதற்கு முன்பே பத்திகளை மனதுக்குள் திருப்பித் திருப்பி அமைத்து மனப்பாடம் செய்து வைத்திருப்பாராம். மதுரைக்காரர் இரவில் வரி கட்டுகிறேன் என்றதும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார். அயர்லாந்தில் கிறிஸ்டோபர் நோலன், சினிமாக்காரர் இல்லை, இவர் வேறு. பேச்சு இல்லை, நெற்றியில் கட்டிய குச்சியால் தட்டச்சு செய்தார், 15 வயதில் முதல் புத்தகம் வந்தது, 1987இல் வந்த தன் வாழ்க்கைக் கதைக்கு பிரிட்டனின் விட்பிரெட் இலக்கியப் பரிசு வாங்கினார். அவர் ஆங்கிலம் அகராதியில் இல்லாத சொற்சேர்க்கைகள் நிறைந்தது, அதை யாராவது நல்ல ஆங்கிலமாக்கியிருந்தால் நமக்கு அவரைத் தெரிந்தே இருக்காது. நம் நாட்டில் மும்பையின் மாலினி சிப், சிபி உள்ளவர், ஒற்றை விரலால் தட்டி எழுதிய தன்வரலாறு 2010இல் வந்தது.

வாசகன் சொன்னதையும் தள்ளிவிடவில்லை. பாவம் பார்த்துப் படிப்பார்கள் என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி, போட்டோவையும் நோய் விவரத்தையும் கவிதைக்கு மேலே போடாமல் இருப்பது. பெயர் போதும். மற்றது வேண்டுமா, எங்கே வேண்டும் என்று தம்பி சொல்லட்டும்.

ஸ்கார்பரோ பெரியம்மா:

பிள்ளை, நான் கனடாவில் இருக்கிறேன், 89இல் வந்தது. ரொறன்ரோவில் விசேட வகுப்பொன்றில் உதவியாளராகக் கன காலம் வேலை செய்தேன். எங்கள் வகுப்பில் சில பிள்ளைகளிடம் பிளிஸ் குறிகள் போட்ட பலகை இருந்தது. சார்ல்ஸ் பிளிஸ் என்றவர் உலகப் பொதுவாக எழுதவென்று கண்டுபிடித்த படக்குறிகள் அவை, 1971இல் இந்த ரொறன்ரோவில்தான் முதன்முதல் பேச முடியாத பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இருதயக் குறி என்றால் உணர்வு, அதோடு மேல் நோக்கி அம்பு போட்டால் சந்தோஷம், கீழ் நோக்கிப் போட்டால் கவலை. பலகையில் இல்லாத சொல் வேணுமென்றால் இரண்டு மூன்று குறியைச் சேர்த்துப் புதுச் சொல் ஆக்கலாம், ‘இது நான் சேர்த்தது’ என்று காட்டவே தனியாக ஒரு குறி இருக்கு.

ஒரு பெடியன் இருந்தான், பத்து வயதிருக்கும். ஒரு நாள் பின்னேரம் பஸ்ஸையும் பசியையும் சேர்த்துக் காட்டினான். நான் விளங்காமல், பஸ்ஸில் சாப்பிட வேணுமோ, சாப்பாட்டுப் பெட்டியை விட்டிட்டியோ என்று கேட்டுக்கொண்டே போனேன். எல்லாத்துக்கும் இல்லை. கடைசியில் பார்த்தால் அது பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் வருகிற அந்தப் பசி. வீட்டு நினைப்பும் சேர்ந்த பசி. அது எனக்குத் தெரியும், என்ர சின்ன வயதில் பள்ளிக்கூடத்தால் வரேக்கை எனக்கும் வந்தது, ஒரு சொல்தான் இருக்கேல்லை. அதுக்குப் பிறகு அந்த வகுப்பில் எல்லாரும் பஸ்பசி என்றுதான் சொன்னோம்.

தம்பியின்ர மாடி மழை எனக்கு அப்படித்தான் பட்டது. அவசரப்படாமல் பக்கத்தில் இருங்கோ. கேள்வியைக் கேட்டால் பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கிறதுதான் கஷ்டம், நான் மனதுக்குள் முப்பது மட்டும் எண்ணுவன்.

வல்லத்து அக்கா:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், கேட்டுவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

முதலில் மன்னிப்புக் கேட்டேன். பழைய நோட்டில் கிறுக்கலாகக் குறித்து வைத்திருந்த பக்கம் நல்லவேளை இருந்தது, அதை அவன் முன்னால் வைத்து, அச்சில் வந்ததை அடித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். மேல் என்றால் வானமா, மாடியா, உடம்பா, வேறையா என்று நான்கையும் சொல்லிவிட்டு, பெரியம்மா சொன்ன மாதிரி மனதுக்குள் எண்ணினேன். இருபத்தி இரண்டில் முட்டியைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்தான். அம்மா பக்கத்திலேயே இருந்தார். ‘மேலைத் துடைச்சு விடு’ என்று தினமும் சாயங்காலம் அம்மா என்னிடம் சொல்கிற சொல், எனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று தெரியவில்லை. மாடியில் தகர ஷீட் போட்டிருக்கிறோம், அதில் விழுகிற மழை அவன் அறைக்கு நன்றாகக் கேட்கும். தெருவில் பெய்வது ஜன்னலில் தெரியும். அவன் உடம்பில் மழை விழுந்ததே இல்லை. ஆட்டோவிலிருந்து இறக்கி வாசல் வருவதற்குள் ஒரு துளி படாமல் குடை பிடிப்பது நான்தான்.

அக்காவுடைய குடையா, அக்காதான் குடையா என்றும் கேட்டேன். இரண்டுக்கும் கண்ணை மேலே தூக்கினான்.

பலகையை மேசையில் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். ஓரத்தில் தான், கூட, போல, ஏன்னா, ஆனா, பொய், அப்புறம் ‘தப்பா எழுதிட்டே’ என்று ஒரு வரிசை. முதல் நாளே ‘தப்பா எழுதிட்டே’ ஆறு முறை வந்தது. அதில் ஒன்று தலைப்புக்கு. ம, ஊ, ண என்று தொட்டான், மூன்று என்றுதான் சொல்ல வருகிறான் என்று நான் ‘மூன்று மழை’ என எழுதினேன். அந்தக் கட்டத்தில் முட்டியை ஓங்கி வைத்தான். மறுபடி முதலிலிருந்து, ம, ஊ, ண, உ. மூணு. அப்படியே எழுதிக்கொண்டேன்.

மூணு மழை

மாடி மழை கேட்டேன்
தெரு மழை பார்த்தேன்
மேல் மழை இல்லை
அக்கா குடை

இங்கே போடலாமா என்று கேட்டுத்தான் போடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றான், இப்போதைக்கு.

சென்னை மேடம், அந்த அக்ரிலிக் ஷீட் எத்தனை இன்ச் வேண்டும், நடுவில் துளை எவ்வளவு பெரிதாக விட வேண்டும் என்று சொல்லுங்கள். நேற்று அவனுக்கு வலது கை ரொம்ப இழுத்துக்கொண்டது, ஆனால் பலகையை எடுத்து வைக்க விடவில்லை. ‘வாசல் மழை’ வரை சொல்லியிருக்கிறான்.